கேமரன் மலைக்குச் சைக்கிளில் போகிறேன். குளிருக்கு எத்தனை அடுக்கு உடை வேண்டும்?

நீங்கள் கோலாலம்பூர்க்காரர், டிசம்பரில் தாப்பா வழியாக ஏறப் போகிறீர்கள், தடித்த ஜாக்கெட் ஒன்றையும் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த ஜாக்கெட் வீட்டிலேயே இருக்கட்டும்.

"வெயில் நாட்டில் குளிருக்கு உடையா?" என்று கேட்க இங்கும் ஆள் வருவார்கள். என் மாமாவே அப்படித்தான் கேட்டார். பனி கொட்டும் ஊரில் ஓட்டுகிறவர்களோடு நான் போட்டிக்கு நிற்கவில்லை. ஆனால் நனைந்த உடம்போடு மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் மலையிறங்குகிறவனுக்கு 15 டிகிரியே தாங்காது. பட்டதைத்தான் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் ஞாயிறு. கோம்பாக் பழைய சாலையில் ஏறி கெந்திங் செம்பா, அங்கிருந்து கோ தோங் ஜெயா, பிறகு கெந்திங் மலை உச்சி. உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று படித்திருந்ததால் முன்னெச்சரிக்கையாக கெந்திங் செம்பாவிலேயே பஞ்சு வைத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். உள்ளே பருத்தி பனியன். கோ தோங் ஜெயாவைத் தாண்டியதும் ஏற்றம் செங்குத்து. உச்சியை எட்டியபோது பனியனைப் பிழிந்தால் ஒரு குவளை வியர்வை வந்திருக்கும். மேலே மூடுபனி, தூறல். படம் எடுத்துக்கொண்டு அப்படியே இறங்கினேன்.

ஐந்து நிமிடத்தில் விரல்கள் பிரேக்கை அழுத்த மறுத்தன. கண்ணால் பார்த்துத்தான் விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். உடம்பு நடுங்க நடுங்க, ஹேண்டில் ஆடி, முன்சக்கரமும் வளைவில் அலைந்தது. பின்னால் லோரி. எப்படியோ கோ தோங் ஜெயாவரை வந்து ஓர் ஒட்டுக்கடையில் நின்றேன்.

கடைக்கார அக்கா என்னைப் பார்த்ததும், "தம்பி, முதலில் அந்த ஈரத்தைக் கழற்றுங்கள்" என்றார். சுடச்சுட மைலோ கொடுத்துவிட்டு, பழைய தமிழ்ப் பத்திரிகையை நான்காக மடித்து நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் கணவர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது அப்படித்தான் வைத்து அனுப்புவாராம். ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் வீரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம் என்று பிறகுதான் படித்தேன். வீட்டுக்கு வந்து கழற்றினால், தலைப்புச் செய்தி என் வயிற்றில் இடவலம் மாறி அச்சாகியிருந்தது.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: எத்தனை அடுக்கு என்பதைவிட, எதை எப்போது போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். உடலோடு ஒட்டிய மெல்லிய பாலியஸ்டர் உள்சட்டையும் ஜெர்சியும் ஏறுவதற்குப் போதும். பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். இன்னொரு உள்சட்டையை நெகிழிப் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். மேலே போனதும், வியர்வை ஆறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். அதன் மேல் மடித்தால் கைக்குள் அடங்கும் காற்றுத்தடுப்புச் சட்டை. என்னுடையது, பழைய துணி விற்கும் பண்டல் கடையில் 15 ரிங்கிட்டுக்கு வாங்கியது. விரல் முழுவதும் மூடும் கையுறை கட்டாயம். கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா ஊர் 1,440 மீட்டர்தான், கெந்திங் உச்சி அளவுக்குக் குளிராது என்பார்கள். மழை பிடித்தால் அந்தக் கணக்கு உதவாது.

பயிற்சிக்கு எங்கே போவது என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல். நகர நடுவில் நீலச் சாயம் பூசிச் சைக்கிளுக்கென்று தடம் போட்டார்கள். போய்ப் பாருங்கள், காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ஒருமுறை நகர்த்தச் சொன்னதற்கு, "சைக்கிள்தானே, சுற்றிப் போ" என்றார் ஒருவர். சுற்றிப் போனால் பஸ் வருகிற பாதை. என் மகளுக்கு எட்டு வயது. அவளை அங்கே ஓட்டவிட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

எந்த வழியாக இறங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சிம்பாங் பூலாய் பக்கம் என்றால் சாலை அகலம், வேகம் தானாகக் கூடும். தாப்பா பக்கம்போல வளைவுக்கு வளைவு வேகம் குறையாது. அப்படியானால் கையுறைக்குள் போட, ஒட்டுக்கடைகளில் உணவு எடுக்கப் போடுகிறார்களே, அந்த மெல்லிய நெகிழி உறை இரண்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.