பல்லி வளர்க்கும் அறையில் சிலந்திகள்

கேள்வி: இரண்டு லெப்பர்ட் கெக்கோ பல்லிகள் வளர்க்கிறோம். தொட்டிக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழுப்புச் சிலந்தி, வயிற்றுக்கடியில் வெள்ளைப் பொத்தான் போல ஏதோ சுமந்து திரிகிறது. கூரை மூலையில் நூல்போன்ற கால்களோடு நிறையச் சிலந்திகள். நஞ்சுள்ளவையா? மருந்து அடிக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மருந்து மட்டும் வேண்டாம். நுளம்புக்கும் கரப்பொத்தானுக்கும் அடிக்கும் ஸ்பிரேகளில் உள்ள பைரித்ராய்டு என்னும் பூச்சிக்கொல்லி பல்லிகளின் நரம்பைத் தாக்கும். தொட்டிக்குள் படாவிட்டாலும், மருந்து பட்ட தரையில் ஓடிய இரைச் சில்வண்டைத் தின்றால் நடுக்கம் வரலாம்.

சுவரில் இருப்பது பெரும்பாலும் வேட்டைச் சிலந்தி, ஹெட்டெரோபோடா வெனடோரியா. வலை கட்டாது. கால்களை நண்டுபோலப் பக்கவாட்டில் விரித்துச் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். கால்விரிப்பு 7 முதல் 12 சென்ரிமீற்றர். கண்களுக்குக் கீழே குறுக்காக ஒரு வெளிர்நிறப் பட்டை தெரிகிறதா பாருங்கள். அந்தப் பொத்தான் அதன் முட்டைப்பை. பொரித்தால் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வரும் என்பதால் அதற்குமுன் வெளியே விடுவது நல்லது. சீண்டினால் கடிக்கும், வலிக்கும், அவ்வளவுதான்.

மூலையில் உள்ளவற்றின் வலையை விரலால் மெல்லத் தொடுங்கள். உடம்பு முழுவதும் மங்கலாகத் தெரியும்படி வேகமாக ஆடினால் அவை நெடுங்கால் சிலந்திகள். முட்டைகளைச் சிறு திராட்சைக்குலைபோல வாயில் கவ்வியிருக்கும். நுளம்பு பிடிப்பவை, டெங்கு உள்ள ஊரில் அவற்றைத் தும்புத்தடியால் கலைக்காதீர்கள்.

கவனம் தேவைப்படுவது தொட்டி மேசைக்கடியில். ஒழுங்கில்லாத வலை, குச்சியால் இழுத்தால் படபடவென்று அறுகிறது, உள்ளே உருண்டை வயிற்றுச் சிலந்தி, வயிற்றின் கீழ்ப்புறம் மணற்கடிகார வடிவில் சிவப்பு என்றால் அது கறுப்பு விதவை இனம். இலங்கையிலும் உண்டு. கை வைக்காதீர்கள், கடித்தால் உடனே ஆஸ்பத்திரி.

சுவரில் இருப்பதை அடையாளம் காண, அகன்ற வாயுள்ள தெளிவான போத்தலால் மூடி, கீழே மட்டையை மெதுவாக நுழையுங்கள். அவசரப்பட்டால் கால் நசுங்கும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 5 நிமிடம் வைத்தால் ஓட்டம் தணியும், ஃப்ரீசரில் வேண்டாம். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து மேலிருந்து, முன்னிருந்து, கீழிருந்து மூன்று படங்கள் எடுங்கள். கண்களின் அடுக்கு முன்படத்தில்தான் தெரியும். நிறத்தை நம்பி முடிவெடுப்பதால்தான் பலர் தவறுகிறார்கள்.

பிறகு மரத்தடியில் விடுங்கள், பல்லிக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் அடித்த மருந்தோ ஒட்டுண்ணியோ அதன் உடம்பில் இருக்கக்கூடும்.

தப்பியோடிய சில்வண்டுகள்தான் சிலந்திகளை அழைத்து வருகின்றன. இரை போடும்போது எண்ணிப் போடுங்கள், தின்னாததை அன்றிரவே எடுங்கள். தொட்டியைச் சூடாக்கும் சூட்டுப்பாயின் வயர் நுழையும் ஓட்டையையும் பாருங்கள்: பெரும்பாலும் சில்வண்டுகள் வெளியேறுவது அதன் வழியேதான். ஒரு துண்டு ஸ்பொஞ்சை இறுக்கி அடைத்துவிடுங்கள்.