ஹெச்-4 மகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடு: வாங்கினால் கிரீன் கார்டு போய்விடுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசனில் வசிக்கிறோம். கணவர் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், நான் அவரைச் சார்ந்தவருக்கான ஹெச்-4 விசாவில். கோவையில் பிறந்த மூத்த மகளுக்கு எட்டு வயது, அவளும் ஹெச்-4. இங்கே பிறந்த மகனுக்கு இரண்டு வயது. கணவர் வேலை மாறியதில் சம்பளம் ஆண்டுக்கு 84,000 டாலராகக் குறைந்துவிட்டது. குடும்பக் காப்பீட்டுக்குப் புதிய கம்பெனி மாதம் 1,300 டாலர் பிடிக்கும் என்பதால் அவர் தனக்கு மட்டும் எடுத்திருக்கிறார். பிள்ளைகளை ஃபேமிலிகேர் என்னும் மாநில அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தால் கிரீன் கார்டு கிடைக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஓர் ஏஜென்ட் 400 டாலர் கேட்கிறார். மகளையும் சிட்டிசன் என்று போட்டுவிட்டால் கேள்வியே வராது என்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் இரண்டு பிள்ளைகளையும் சேர்க்கலாம். ஏஜென்டுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது.

இந்தக் காப்பீட்டில் தகுதி குழந்தையைப் பொறுத்தது, பெற்றோரின் விசாவைப் பொறுத்ததன்று. உங்கள் மகன் அமெரிக்கக் குடிமகன். தந்தை எந்த விசாவில் இருந்தாலும் அவனுடைய உரிமை குறையாது. மகளின் நிலை சற்றே சுற்றுவழியானது. 1996-இல் வந்த சட்டம், கிரீன் கார்டு பெற்றவர்கள்கூட ஐந்து ஆண்டுகள் காத்திருந்த பிறகே இத்தகைய உதவிகளைப் பெறலாம் என்று கதவை அடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1997-இல், குழந்தைகளுக்கான இந்தக் காப்பீட்டுத் திட்டம் பிறந்தபோதும் அந்தத் தடை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2009-இல்தான், சட்டப்படி தங்கியிருக்கும் குழந்தைகளை, ஹெச்-4 உட்பட, காத்திருப்பு இல்லாமல் சேர்த்துக்கொள்ள விரும்பும் மாநிலங்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. நியூ ஜெர்சி அதையும் தாண்டிச் சென்று, 2023 ஜனவரி முதல், வருமான வரம்புக்குள் இருக்கும் 19 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் குடியேற்ற நிலை பாராமல் சேர்க்கிறது. 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நால்வர் குடும்பத்துக்கு அந்த வரம்பு மாதம் சுமார் 9,500 டாலர். உங்களுக்கு வருவது 7,000. கணவரின் கம்பெனியில் காப்பீடு கிடைக்கும் என்பது தடையாகாது. பிள்ளைகள் ஏற்கெனவே அதில் சேர்ந்திருந்தால்தான் சிக்கல்.

இனி அந்த ஏஜென்டைப் பற்றி. "சிட்டிசன் என்று போட்டுவிடலாம்" என்று ஒருவர் சொன்ன நொடியிலேயே உங்கள் ஆவணங்களை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அரசுப் பலனுக்காகக் குடியுரிமை பற்றிச் சொல்லப்படும் பொய்யைப் போல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மன்னிக்காத பொய் வேறில்லை. விண்ணப்பத்தின் கடைசியில், எழுதியவை உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று கையெழுத்திடப் போவது நீங்கள், அவரல்லர். பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் மகளின் கோப்பு ஓர் அதிகாரியின் மேசைக்கு வரும்போது, அந்த ஒரு கட்டத்தில் இடப்பட்ட குறிக்கு விளக்கம் சொல்ல ஏஜென்ட் வரமாட்டார், அவருடைய தொலைபேசி எண்கூட இருக்காது. இதில் எரிச்சலூட்டும் விஷயம், அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை என்பதுதான். உண்மையை எழுதினாலே அவளுக்கு இந்த மாநிலத்தில் காப்பீடு கிடைக்கும்.

இப்படிப்பட்டவர்கள் பல வேடங்களில் வருகிறார்கள். வருமான வரிப் படிவம் நிரப்புபவர், காப்பீடு விற்பவர், கோயில் விழாவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் எனப் பலரும் குடியேற்றச் சட்டம் பேசுகிறார்கள். குடியேற்றம் குறித்து ஆலோசனை சொல்லும் அதிகாரம் வழக்கறிஞருக்கும், மத்திய அரசின் நீதித் துறை (Department of Justice) அங்கீகரித்த பிரதிநிதிக்கும் மட்டுமே உண்டு. சிலர் உங்களை வேண்டுமென்றே பயமுறுத்தி, அரசுக் காப்பீடு ஆபத்து என்று சொல்லி, குறுகிய காலப் பாலிசி ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். அதில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு இடமிருக்காது. குழந்தைக்கு ஆஸ்துமா என்று தெரிந்த அன்றுதான் அந்தச் சிறிய எழுத்துகளைப் படிப்பீர்கள். கணவர் தனியே வசிப்பதாக எழுதச் சொல்பவரும், சம்பளத்தைக் குறைத்துக் காட்டச் சொல்பவரும் இதே வகையினர்தான்.

நண்பர்கள் சொல்லும் பயத்துக்கு ஓர் ஆதாரம் உண்டு, ஆனால் அது பழைய ஆதாரம், அதுவும் அரைகுறையானது. அரசுக்குச் சுமையாகிவிடுவார் என்று கருதப்படுபவருக்குக் கிரீன் கார்டு மறுக்கலாம் என்பது நெடுங்கால விதி. 2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச் வரை அது மிகக் கடுமையாக இருந்தது. அந்தக் கடுமையான காலத்திலும் குழந்தைகளின் மருத்துவக் காப்பீடு கணக்கில் சேர்க்கப்படவில்லை. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, அரசு உதவிகளில் பிழைப்புக்கான ரொக்க உதவியையும், அரசு செலவில் நெடுங்காலம் பராமரிப்பு விடுதியில் தங்குவதையும் மட்டுமே பார்க்கிறது. மகன் பெறும் காப்பீடு அவனுடையது. அதை உங்கள் கணக்கில் எழுத முடியாது. 2025 நவம்பரில் இந்த விதியை நீக்கிவிட்டு அதிகாரிகளுக்குக் கூடுதல் சுதந்திரம் தரும் வரைவு ஒன்று வெளியிடப்பட்டது. ஆகவே, கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம் கொடுக்கும் வேளையில், அன்றைய விதி என்ன என்பதை வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதோ மாறக்கூடிய விதிக்காக எட்டு வயதுக் குழந்தையைக் காப்பீடில்லாமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெச்-1பி குடும்பங்கள் பிராஜெக்ட் போகும் இடத்துக்கெல்லாம் பெட்டி கட்டுபவை. மேலே சொன்ன வருமான வரம்பும், குடியேற்ற நிலை பாராத சேர்க்கையும் நியூ ஜெர்சிக்கு உரியவை. டெக்சஸில் ஹெச்-4 குழந்தைக்குக் கதவு திறந்திருக்கிறது, ஆனால் 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நால்வர் குடும்பத்துக்கு வருமான வரம்பு மாதம் சுமார் 5,400 டாலர்தான். இதே சம்பளத்தோடு போனால் இரு பிள்ளைகளுக்குமே கிடைக்காது. ஜார்ஜியாவில் உங்கள் மகளுக்கு, வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இடமில்லை. அந்த மாநிலம் 2009-இன் வாய்ப்பை எடுத்துக்கொள்ளவே இல்லை. அங்கே கிரீன் கார்டு வந்த பிறகும் ஐந்து ஆண்டுகளை எண்ணிக் கழிக்க வேண்டும். அட்லாண்டாவில் இருக்கும் தோழியின் அனுபவத்தை எடிசனுக்கும், எடிசன் அனுபவத்தை டாலஸுக்கும் பொருத்திப் பார்ப்பதால்தான் பாதி வதந்திகள் பிறக்கின்றன. ஒருமுறை சேர்ந்துவிட்டால், இடையில் சம்பளம் உயர்ந்தாலும் 12 மாதங்களுக்குக் குழந்தையை நீக்க முடியாது என்பது 2024 முதல் நாடெங்கும் உள்ள விதி. மாநிலம் மாறினால் அந்தப் பாதுகாப்பு அன்றோடு முடிந்தது. அப்படி முடிந்தால், 60 நாட்களுக்குள் கணவரின் கம்பெனிக் காப்பீட்டில் பிள்ளைகளைச் சேர்க்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 61-ஆம் நாள் போனால், ஆண்டிறுதிச் சேர்க்கைக் காலம் வரை காத்திருங்கள் என்பார்கள்.

விண்ணப்பத்தில் நீங்களும் கணவரும் "காப்பீடு கேட்கவில்லை" என்று குறியுங்கள். குழந்தைக்காக மட்டும் விண்ணப்பிக்கும் பெற்றோரின் குடியேற்ற நிலையைக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. மகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இருக்காது. ஹெச்-4 குழந்தைக்கு அது வழங்கப்படுவதில்லை என்பதால், எண் இல்லை என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது. பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு), கணவரின் சம்பளச் சீட்டுகள், வீட்டு முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்கள் போதும்.

பெயரில்தான் நம்மவர்களுக்குத் தொல்லை. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, ஐ-94-இல் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருந்தால், கணினி ஒரே குழந்தையை மூன்று குழந்தைகளாகப் பார்க்கும். இனிஷியல் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள ஓர் அரசு அமைப்புக்கு இத்தனை ஆண்டுகள் போதவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஐ-94-இல் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். நிலையைச் சரிபார்க்க இயலவில்லை என்று கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். ஆவணம் கொடுக்க 90 நாட்கள் அவகாசம் உண்டு, மற்ற தகுதிகள் சரியாக இருந்தால் அந்தக் காலத்தில் காப்பீடும் கிடைக்க வேண்டும்.

முடிவு 45 நாட்களுக்குள் வர வேண்டும் என்பது விதி. வராது என்பது என் அனுபவம். கொடுத்த தாளையே மீண்டும் கேட்பார்கள், தொலைபேசியில் ஒரு மணி நேரம் இசை கேட்க வைப்பார்கள். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் நகலும் தேதியும் வைத்திருங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அதைத் தூக்கி எறியாமல், அதில் குறிப்பிட்டிருக்கும் கடைசி நாளுக்குள் மேல்முறையீடு கேளுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.