அழித்தவரிடம் கேளுங்கள், உடனே திருப்பி வைக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் போனும் நேரமும் இருக்கிற அந்த நாட்களில் கேம் விக்கிகளில், அதாவது ஒரு கேமைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தும் இணையப் பக்கங்களில், எழுத உட்காருகிறவர்கள் உண்டு. உட்கார்ந்த முதல் வாரத்திலேயே யாரோடாவது மல்லுக்கு நிற்பதும் உண்டு. விக்கியில் எழுதுவது பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். இராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மைன்கிராஃப்ட் விக்கியில் வைரம் கிடைக்கும் மட்டம் -59 என்று தப்பாகப் போட்டிருந்தது. நான் எப்போதும் 11-இல்தான் தோண்டுகிறேன், கிடைக்கிறது. 11 என்று மாற்றினேன். இரண்டே நிமிடத்தில் ஒருவர் பழையபடி ஆக்கிவிட்டார். ஒரு வார்த்தை காரணம் சொல்லவில்லை. விடலாமா, திரும்பப் போடலாமா?
– தங்கச்சிமடம்

இரண்டு எண்ணும் சரி. பதிப்புதான் வேறு. 2021 நவம்பர் 30-இல் வந்த 1.18 பதிப்பில் உலகத்தின் அடிமட்டம் 0-இலிருந்து -64-க்கு இறங்கியது. வைரமும் கூடவே கீழே போய்விட்டது. அதற்கு முன்பு வரை 11 நல்ல மட்டம். 10-க்குக் கீழே எரிமலைக் குழம்பு நிற்கும் என்பதால் ஒரு மட்டம் மேலே தோண்டச் சொல்வார்கள். உங்கள் போனில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கும், அல்லது பழைய வீடியோ பார்த்துப் பழகியிருப்பீர்கள்.

திரும்பப் போடாதீர்கள். முதலில் பக்கத்தின் மேலே உள்ள ‘வரலாறு’ பகுதியைத் திறந்து, உங்கள் எடிட்டுக்கும் அவருடையதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். சில சமயம் எண்ணோடு சேர்த்து அட்டவணையின் ஒரு கோட்டுக் குறியையும் அழித்திருப்போம்; அதற்காகத்தான் திருப்பியிருப்பார்கள். அதன் பிறகு பேச்சுப் பக்கத்தில் (ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள விவாத இடம்) புதுத் தலைப்புப் போட்டு, எந்தப் பதிப்பு, ஜாவாவா பெட்ராக்கா (மைன்கிராஃப்ட்டின் இரு வகைகள்), எங்கே சோதித்தீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். பதிப்பு எண் முகப்புத் திரையின் கீழ் ஓரத்தில் இருக்கும். ஜாவாவில் எஃப்3 அழுத்தினாலும் தெரியும். ஜாவாவா பெட்ராக்கா என்று சொல்லாத திருத்தம் பாதித் திருத்தம்தான். ஜாவாவில் வாளை அடுத்தடுத்து வேகமாக வீசினால் அடியின் பலம் குறையும், பெட்ராக்கில் குறையாது. இதைத் தெரியாமல் ஒருவரையொருவர் ‘நாசவேலை’ என்று திட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

காரணம் எழுதாமல் திருப்பியது அவர் தவறு. ஆனால் நீங்களும் எழுதவில்லை போலிருக்கிறது. சேமிக்கும் பொத்தானுக்கு அருகே இருக்கும் சுருக்கப் பெட்டியில் ‘சரி செய்தேன்’ என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ‘1.17 வரை 11, 1.18 முதல் -59 என்று பிரித்து எழுதினேன்’ என்று போட்டிருந்தால் அதில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள்.

நான் மூன்று தடவை போட்டேன், அவர் மூன்று தடவை எடுத்தார். நான் சொல்வதுதான் சரி என்று ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. நான்காவது தடவை போட்டால் என்ன ஆகும்?
– சாயல்குடி

தடை ஆகலாம். விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்றுக்கு மேல் திருப்பக் கூடாது. பல கேம் விக்கிகள் அதே கணக்கையோ அதைவிட இறுக்கமானதையோ வைத்திருக்கின்றன. யார் சொன்னது சரி என்பது அங்கே எடுபடாது. அப்பட்டமான நாசவேலையை நீக்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. 25-ஆவது மணியில் போடலாமே என்ற யோசனை வேண்டாம். எண்ணிக்கைக்காகக் காத்திருந்ததை வரலாறு காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பேச்சுப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு நாள் பதில் வராவிட்டால் மூன்றாவது ஆள் ஒருவரை அழைத்து வாருங்கள். அவர் உங்கள் நண்பராக இருக்கக் கூடாது.

ஒரு அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு 4% என்று எழுதினேன். 50 முறை அந்த அரக்கனைக் கொன்றதில் 2 முறை கிடைத்தது. ‘ஆதாரம் போதாது’ என்று எடுத்துவிட்டார்கள். நேரில் பார்த்ததைவிட என்ன ஆதாரம்?
– தொண்டி

50-இல் 2 என்பது உண்மை. 4% என்பது உங்கள் ஊகம். 50 முறையில் 2 கிடைத்தால், உண்மையான வாய்ப்பு அரை சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 13.7% வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் (95% நம்பகத்தில்). ஒரு நாள் கரைவலை இழுத்துவிட்டு வருஷத்து மீன்பாட்டைச் சொல்வது மாதிரி.

என்ன செய்யலாம்? ‘50 முறையில் 2’ என்று எண்ணிக்கையாகவே, பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். பல விக்கிகளில் இதற்கென்றே பொது அட்டவணை இருக்கும்; ஒவ்வொருவரும் தம் எண்ணிக்கையைச் சேர்க்க, மொத்தம் வளரும். கிடைத்த நாளில் மட்டும் எழுதிவிட்டு, கிடைக்காத நாளை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான அட்டவணைகள் கெடுவது அதனால்தான். ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை என்றால் ‘கிடைக்காது’ என்றும் எழுதக் கூடாது. 3-ஐ முயற்சி எண்ணிக்கையால் வகுத்தால் வாய்ப்பின் மேல் எல்லை தோராயமாக வரும். 300 முறை வெறுங்கை என்றால், வாய்ப்பு 1%-க்குக் கீழே என்று மட்டும் சொல்லலாம்.

நண்பர்கள் சேர்ந்து ஸ்டார்டியூ வேலி கேமுக்குத் தமிழ் விக்கி தொடங்கினோம். நான் ‘சூடை’ என்று தலைப்பு வைத்த பக்கத்தை ஒருவர் ‘சார்டின்’ என்று மாற்றிவிட்டார். நம் மீனுக்கு நம் பெயர் வைக்கக் கூடாதா?
– மண்டபம்

மாற்றியவர் பக்கம்தான் நாங்களும். திரையில் ‘சார்டின்’ என்று பார்த்துவிட்டுத் தேடுகிறவர் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார். அந்த கேமில் தமிழ் கிடையாது, எனவே திரையில் வரும் பெயரின் ஒலிபெயர்ப்பே தலைப்பாக இருக்கட்டும். ‘சூடை’ என்ற பெயரில், தேடுகிறவரை ‘சார்டின்’ பக்கத்துக்கே கொண்டுபோகும் வழிமாற்றுப் பக்கம் ஒன்று போடுங்கள். முதல் வரியிலும் சொல்லுங்கள். இங்கே சூடை, சாளை என்று நிற்பது இன்னோர் ஊரில் மத்தி ஆகிவிடும். எந்த ஊர்ப் பெயர் தலைப்பு என்று சண்டை தொடங்கினால் மீன் பக்கம் முடியவே முடியாது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு போலத் தமிழ் மொழியைத் தேர்ந்தெடுக்க முடிகிற கேம் என்றால், அந்தத் தமிழில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே தலைப்பு. உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதுதான்.

கூடவே ஒன்று. கடற்கரைக்காரர்கள் மீன் பக்கம் எழுதும்போது தெரிந்ததெல்லாம் உள்ளே வந்துவிடும். கேமில் சார்டின் கடலில் காலை 6 முதல் இரவு 7 வரை, வசந்தம், இலையுதிர், குளிர் பருவங்களில் படும். பஃபர்ஃபிஷ், அதாவது நம் பேத்தை, கோடையில் வெயில் நாளில் பகல் 12 முதல் மாலை 4 வரைதான். பாக் நீரிணையில் எந்த மாதம் என்ன படும் என்பது உங்களுக்கு விரல் நுனியில் இருக்கும். அது அந்தப் பக்கத்தில் வேண்டாம்.

நானும் என் காக்காவும் (அண்ணன்) ஒரே வீட்டு வைஃபையில் தனித்தனிக் கணக்கில் எழுதுகிறோம். ஒரு பக்கத்தை நீக்கலாமா என்ற விவாதத்தில் இருவரும் ‘வேண்டாம்’ என்று எழுதினோம். இப்போது என்னைக் ‘கள்ளக் கணக்கு’ என்கிறார்கள். உண்மையில் நாங்கள் இரண்டு பேர்!
– கீழக்கரை

நம்புகிறோம். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரே ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), ஒரே கருத்து, பத்து நிமிட இடைவெளி மட்டும்தான். இரண்டு பேரின் பயனர் பக்கத்திலும் ‘இந்தக் கணக்கும் அந்தக் கணக்கும் ஒரே இணைப்பைப் பகிர்கின்றன’ என்று ஒரு வரி எழுதுங்கள். உறவு, வீடு, தெரு எதுவும் வேண்டாம். அதை எழுதிய பிறகும் ஒரே விவாதத்தில் இருவரும் வாக்களிக்காதீர்கள். வீட்டில் பேசிவிட்டு ஒருவர் போட்டதற்கு இன்னொருவர் பலம் சேர்ப்பதும் கள்ளக் கணக்குக்குச் சமமாகவே பார்க்கப்படும். இப்போதைய விவாதத்தில் ஒருவருடைய கருத்தை நீங்களே கோடிட்டு அடித்துவிட்டுக் காரணத்தை எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும். காக்காவின் கணக்கில் நுழைந்து பதில் போடும் வேலை மட்டும் கூடாது.

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. எடிட் பொத்தானைத் தொட்டதும் ‘தடை செய்யப்பட்டுள்ளீர்கள்’ என்கிறது.
– பாம்பன்

மொபைல் நெட்டில் பலர் ஒரே ஐபி முகவரியின் பின்னால் இருப்பார்கள். அதில் ஒருவர் செய்த குறும்புக்கு எல்லோருக்கும் சேர்த்துத் தடை விழும். அந்த ஆள் பாம்பனில் இருக்க வேண்டும் என்பதில்லை, மதுரையிலும் இருக்கலாம். தடைச் செய்தியை முழுக்கப் படியுங்கள்: போட்டவர் பெயர், காரணம், தடை எண், முடியும் நேரம் எல்லாம் அதில் உண்டு. இந்தத் தடைக்கும் ஜூன் 14 மாதிரி ஒரு தேதி இருக்கிறது.

‘உள்நுழையாதவர்களுக்கு மட்டும்’ என்று இருந்தால், கணக்கில் நுழைந்தால் போதும். ‘தானியங்கித் தடை’ என்று இருந்தால், தடையான ஒரு கணக்கு உங்கள் முகவரியைப் பயன்படுத்தியிருக்கிறது. அது பொதுவாக 24 மணி நேரத்தில் தானே போய்விடும். அவசரம் என்றால் உங்கள் சொந்தப் பேச்சுப் பக்கத்தில் தடை எண்ணைக் குறிப்பிட்டு விளக்கம் கேளுங்கள். தடையிலும் அந்த ஒரு பக்கம் பெரும்பாலும் திறந்திருக்கும். உண்மையிலேயே உங்கள் பெயருக்கே தடை என்றால் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். மூன்று நாளில் முடிய வேண்டியது நிரந்தரமாகும்.

விக்கிப்பீடியாவிலிருந்தும் இன்னொரு கேம் விக்கியிலிருந்தும் பத்திகளை எடுத்துப் போடலாமா? எல்லாமே இலவசம்தானே?
– தேவிபட்டினம்

இலவசம்தான், நிபந்தனை உண்டு. ஃபேண்டம் தளத்தின் பெரும்பாலான விக்கிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 3.0 உரிமத்தில் இருக்கின்றன: மூலத்தைச் சொல்ல வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும். ஸ்டார்டியூ வேலி விக்கி, ரூன்ஸ்கேப் விக்கி, 2023-இல் ஃபேண்டமை விட்டுத் தனியே வந்த மைன்கிராஃப்ட் விக்கி மூன்றிலும் நடுவில் ‘என்சி’ இருக்கிறது, வணிகப் பயன் கூடாது என்று பொருள். அந்த நிபந்தனை இல்லாத விக்கிக்குள் இந்தப் பத்தியைக் கொண்டுவர முடியாது. விக்கிப்பீடியா 2023 ஜூனில் பிஒய்-எஸ்ஏ உரிமத்தின் 4.0 பதிப்புக்கு மாறிவிட்டது. 3.0 எழுத்து 4.0-க்குப் போகலாம், 4.0 எழுத்து 3.0-க்குத் திரும்ப வராது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

உரிமம் பொருந்தினால், எடிட் சுருக்கத்தில் மூலப் பக்கத்தின் முகவரியைப் போடுங்கள். அதன் வரலாற்றில்தான் எழுதியவர்களின் பெயர் இருக்கிறது. பொருந்தாவிட்டால் தகவலை மட்டும் எடுத்து உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். மீன் எத்தனை மணிக்குப் படும் என்ற தகவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதைச் சொன்ன வாக்கியத்துக்கு முடியும். யூடியூப் வீடியோவிலிருந்து படம் பிடித்துப் போடாதீர்கள். மைன்கிராஃப்ட் ஜாவாவில் எஃப்1 அழுத்தித் திரை ஓரப் பட்டைகளை மறைத்து, எஃப்2 அழுத்தினால் உங்கள் சொந்தப் படமே கிடைக்கும்.

ஏஐ-யிடம் எழுதி வாங்கிப் போடலாமா?
– ஏர்வாடி

வாக்கியப் பிழை திருத்த வாங்கலாம், அதையும் உங்கள் விக்கியின் விதி அனுமதித்தால். எண் எதையும் வாங்காதீர்கள். இல்லாத ஆயுதத்துக்குப் பலம், விலை, கிடைக்கும் இடம் எல்லாம் அழகாகச் சொல்லிவிடும். அதைத் தேடிப் பிடித்து நீக்க மற்றவர்களுக்குப் பல மணி நேரம் ஆகும்.

எங்கள் விக்கியின் நிர்வாகி தனக்குப் பிடிக்காத எடிட்டை எல்லாம் ‘ரோல்பேக்’ செய்கிறார். கேட்டால் ‘நான் நிர்வாகி’ என்கிறார்.
– இராமேஸ்வரம்

நிர்வாகி சம்மாட்டி இல்லை. படகும் வலையும் அவருடையதில்லை. பூட்டவும் நீக்கவும் தடுக்கவும் சாவி மட்டும் அவரிடம் இருக்கிறது. பக்கத்தில் என்ன எழுதலாம் என்ற விவாதத்தில் அவர் குரலும் ஒரு குரல்தான். ரோல்பேக் என்பது ஒருவர் தொடர்ச்சியாகச் செய்த எல்லா எடிட்டையும் ஒரே அழுத்தில், காரணம் கேட்காமல் துடைத்துவிடும் பொத்தான். நாசவேலைக்காகச் செய்யப்பட்டது அது. நல்லெண்ண எடிட்டை நீக்க வேண்டுமென்றால் காரணம் எழுத இடம் தரும் மீளமைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். தான் ஒரு கட்சியாக இருக்கும் சண்டையில் தானே தடை போடுவதும் முறையில்லை. வேறொரு நிர்வாகியிடம் விட வேண்டும்.

புகார் எழுதுவதாக இருந்தால் அடைமொழி எதுவும் வேண்டாம். ஐந்தாறு எடிட்டுகளின் வேறுபாட்டு இணைப்பு, தேதி, ஒவ்வொன்றிலும் என்ன இழப்பு என்று ஒரு வரி. முதலில் அவருடைய பேச்சுப் பக்கத்தில், பதில் இல்லாவிட்டால் மற்ற நிர்வாகிகளிடம், அதன் பிறகே விக்கியை நடத்தும் தளத்திடம். ‘சர்வாதிகாரி’ என்று தொடங்கும் புகாரை இரண்டாவது வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை.

பேச்சுப் பக்கத்தில் என் பெயரும் நேரமும் தானாக வரவில்லை. நேரத்தைக் கையால் எழுதினால் தப்பாகிறது.
– உச்சிப்புளி

செய்தியின் முடிவில் ~~~~ என்று நான்கு அலைக்குறி போடுங்கள், பெயரும் நேரமும் வந்துவிடும். மூன்று போட்டால் பெயர் மட்டும், ஐந்து போட்டால் நேரம் மட்டும். கட்டுரைப் பக்கத்தில் எதுவும் வேண்டாம். நேரம் பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும், நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். இரவு 2 மணிக்கு எழுதியது முந்தின நாள் 20:30 என்று நிற்கும். அதைக் கையால் மாற்றினால், தேதியைத் திருத்தினீர்கள் என்று இன்னொரு சண்டை வரும்.