வாடகையோடு வரும் வைஃபை: யாருக்கு எவ்வளவு தெரியும்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வந்து மூன்று வாரம் ஆகிறது, ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஓர் அறை, வாடகையிலேயே இன்டர்நெட்டும் சேர்த்தி. ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது, இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். வைஃபை பாஸ்வேர்ட் எல்லோருக்கும் ஒன்றே. நான் பார்ப்பதும் பேசுவதும் வங்கிக் கணக்கும் அவர்களுக்குத் தெரியுமா, விபிஎன் (இன்டர்நெட் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) ஒன்று வாங்கிவிட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

விபிஎன் மட்டும் போதாது. அதே சமயம், நீங்கள் பயப்படும் அளவுக்கு எல்லாம் திறந்து கிடக்கவும் இல்லை. அந்த ரவுட்டர் உங்களுடையது அல்ல. அதில் யாராவது செய்து தருவதெல்லாம் தயவு. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு ரீசெட் செய்தால் போய்விடும். உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் நீங்கள் செய்வதுதான் நிற்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை (அதன் அமைப்புகளுக்குள் நுழையும் பாஸ்வேர்ட், வைஃபை பாஸ்வேர்ட் அல்ல) வைத்திருப்பவருக்குத் தெரிவது: எந்தக் கருவி எப்போது இணைந்தது, எவ்வளவு டேட்டா இழுத்தது, அதன் பெயர் என்ன, அதோடு எந்தெந்தத் தளத்தின் பெயரைக் கேட்டது. முகவரிப் பட்டையில் எச்டிடிபிஎஸ் (https, உங்களுக்கும் தளத்துக்கும் இடையே போவதைப் பூட்டும் முறை) இருந்தால், தளத்துக்குள் எந்தப் பக்கம் பார்த்தீர்கள், என்ன எழுதினீர்கள், வங்கியில் எவ்வளவு இருப்பு என்பது அவருக்குத் தெரியாது. வங்கியின் பெயர் தெரியும், கணக்கு தெரியாது. வாட்ஸ்அப் அழைப்பு ஓடுகிறது என்று ஊகிக்கலாம், பேச்சைக் கேட்க முடியாது. பிரவுசரின் இன்காக்னிடோ இதில் எதையுமே மறைக்காது. அது உங்கள் லேப்டாப்பை அடுத்து எடுப்பவரிடமிருந்து மட்டும்தான் வரலாற்றை மறைக்கிறது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் வேலை, கருவியின் பெயரை மாற்றுவது. ரவுட்டர் பட்டியலில் 'இன்னாருடைய ஐபோன்' என்று உங்கள் முழுப்பெயரோடு நின்றால் மற்றதெல்லாம் வீண். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்திலேயே பெயரை மாற்றலாம். வைஃபைக்கு ரகசிய மேக் (MAC) முகவரி என்று ஒன்று உண்டு: கருவியின் நிரந்தர அடையாள எண்ணுக்குப் பதிலாகக் காட்டும் மாற்று எண். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் அது தானாகவே இயங்குகிறது. ஆனால் அது ஒரு நெட்வொர்க்குக்கும் இன்னொன்றுக்கும் இடையே உங்களைத் தொடர்புபடுத்த விடாமல் காக்கிறதே தவிர, ஒரே வீட்டுக்குள் உங்களை மறைப்பதற்கானது அல்ல. ஒரு வாரம் கவனித்தால் எந்தக் கருவி யாருடையது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கும் அந்தக் கேள்வி, வழக்கமாகப் பூட்டில்லாமல் ரவுட்டர் வழியாகத்தான் போகிறது. ரவுட்டர் பதிவேட்டில் தளப் பெயர்கள் சேருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கும். சில போன்களில் 'மோர் கனெக்‌ஷன்ஸ்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். 'ஆட்டோமேட்டிக்' என்று விடாமல், ஒரு டிஎன்எஸ் சேவையின் ஹோஸ்ட் பெயரை (அந்தச் சேவை தன் தளத்தில் தரும் சர்வர் பெயர்) நீங்களே அடியுங்கள். ஆட்டோமேட்டிக்கில் ரவுட்டர் பூட்டை ஏற்காவிட்டால் போன் சத்தமில்லாமல் பூட்டில்லாத வழிக்கே திரும்பிவிடும். விண்டோஸ் 11-இல், இணைந்திருக்கும் வைஃபையின் பண்புகளுக்குள் டிஎன்எஸ் ஒதுக்கீட்டை 'மேனுவல்' ஆக்கி, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் எண்களான 1.1.1.1, மாற்றாக 1.0.0.1 என்று கொடுத்து, இரண்டுக்குமே கீழே உள்ள 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' என்பதை இயக்குங்கள். எண்ணை மட்டும் மாற்றிவிட்டு அந்த இரண்டாவது படியை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அப்படிச் செய்தால் கேள்வி வேறு இடத்துக்குப் போகும், ஆனால் திறந்தபடியேதான் போகும். ஐபோனில் இதற்கென்று நேரடிப் பொத்தான் கிடையாது. அந்த டிஎன்எஸ் சேவையின் செயலியையோ அமைப்புக் கோப்பையோ நிறுவ வேண்டும்.

ஒரு தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹோஸ்ட் பெயர் கொடுத்த போனோடு நூலகம், விடுதி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்நுழைவுப் பக்கம் கேட்கும் வைஃபைக்குப் போனால், 'இன்டர்நெட் இல்லை' என்று முரண்டு பிடிக்கலாம். அங்கே மட்டும் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, உள்ளே நுழைந்த பிறகு பழையபடி வையுங்கள்.

டிஎன்எஸ்ஸைப் பூட்டினாலும் இணைப்பு தொடங்கும் அந்தக் கணத்தில் தளத்தின் பெயர் இன்னும் பல இடங்களில் திறந்தபடியே போகிறது. சாதாரண வீட்டுக்காரர் அதை எடுத்துப் படிக்கமாட்டார். தொழில் தெரிந்தவர் படிப்பார். அந்தப் பெயரும் தெரியக் கூடாது என்றால்தான் விபிஎன். அப்போது ரவுட்டருக்குத் தெரிவது, ஏதோ ஒரு சர்வரோடு இத்தனை நேரம் இத்தனை டேட்டா போனது என்பது மட்டும். ஆனால் வீட்டுக்காரர் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும். நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். பெயர் தெரியாத இலவச விபிஎன்னைவிட விபிஎன் இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து.

வாங்கினால் ஆண்ட்ராய்டில் 'ஆல்வேஸ்-ஆன்', 'விபிஎன் இல்லாத இணைப்பைத் தடு' இரண்டையும் போடுங்கள். லேப்டாப்பில் 'கில் ஸ்விட்ச்' (விபிஎன் அறுந்தால் இன்டர்நெட்டையே நிறுத்தும் வசதி). இல்லையென்றால் வைஃபை ஒரு நொடி விட்டுப் பிடிக்கும்போது எல்லாம் வெளியே வழிந்துவிடும். இன்னொன்று: விபிஎன்னில் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறந்ததாகத் தெரிந்தால் கணக்கை முடக்கிவிடக்கூடும். புதிதாக வந்தவருக்கு அது பெரிய அலைச்சல். வங்கிக்கு வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் சிம்மின் டேட்டாவையே பயன்படுத்துங்கள். செலவாவது சில மெகாபைட்தான்.

இனி அறைத்தோழர்கள். ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்ட் அவர்களிடம் இல்லாவிட்டாலும் அவர்கள் நிற்பது உங்களோடு ஒரே நெட்வொர்க்குக்குள். வைஃபையைப் பூட்டும் பழைய முறையான டபிள்யூபிஏ2-இல் (WPA2) வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர், நீங்கள் இணையும் கணத்தைப் பதிவு செய்துவிட்டால், காற்றில் போகும் உங்கள் தரவின் வைஃபை பூட்டைத் திறந்துவிடலாம். அடுத்து வந்த டபிள்யூபிஏ3-இல் இது முடியாது. திறந்தாலும் எச்டிடிபிஎஸ் பூட்டு உள்ளே இருக்கும். அவருக்கும் தளப் பெயர் அளவுதான் கிடைக்கும். அதனால் பிரவுசரில் 'எச்டிடிபிஎஸ் மட்டும்' என்ற அமைப்பை இயக்குங்கள். குரோமில் 'எப்போதும் பாதுகாப்பான இணைப்பு' என்ற பொருளில் இருக்கும். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தவே அழுத்தாதீர்கள். 'வைஃபை வேகமாக வர இந்தச் சான்றிதழைப் போடுங்கள்' என்று யார் கோப்பு அனுப்பினாலும் நிறுவாதீர்கள். மேலே சொன்ன எச்டிடிபிஎஸ் பாதுகாப்பையே உடைக்கக்கூடிய சாவி அது.

உண்மையில் பகிர்ந்த வீட்டில் ரகசியம் வெளியே போவது இப்படிப்பட்ட நுட்பத்தால் அல்ல, கவனக்குறைவால். விண்டோஸ் லேப்டாப்பில் அந்த வைஃபை 'பிரைவேட்' என்று இருந்தால், பகிர்ந்த கோப்புறைகள் பக்கத்து அறையில் தெரியலாம். 'பப்ளிக்' ஆக்குங்கள். வீட்டு பிரிண்டர் அதன்பின் தானாகக் கண்ணில் படாவிட்டால் அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்கு உள்ள எண் முகவரி) கொடுத்துச் சேர்க்கலாம். மேக்கில் 'ஷேரிங்' பக்கத்தில் உள்ளவற்றை அணையுங்கள். ஏர்டிராப், குவிக் ஷேர் இரண்டும் 'தொடர்புகள் மட்டும்'. கூடத்து டிவியில் உங்கள் யூடியூப் கணக்கில் உள்நுழைந்து மறந்திருந்தால், நீங்கள் தேடிய அத்தனையும் அங்கே வரிசையாக நிற்கும். கூகுள் கணக்கின் 'உங்கள் கருவிகள்' பக்கத்தில் இருந்தே அந்த டிவியை வெளியேற்றலாம். விளம்பரமும் உண்டு: வெளியுலகுக்கு ஐந்து பேருக்கும் ஒரே ஐபி முகவரி என்பதால், நீங்கள் தேடிய பொருள் இன்னொருவர் திரையில் எட்டிப் பார்க்கலாம். யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

இத்தனையையும் ஒவ்வொரு கருவியிலும் செய்ய அலுப்பாக இருந்தால், அல்லது நீண்ட நாள் அங்கேயே இருப்பதாக இருந்தால், உள்ளங்கை அளவு பயண ரவுட்டர் ஒன்று வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அவர் ரவுட்டரின் லேன் (LAN) துளையிலிருந்து உங்கள் ரவுட்டரின் வேன் (WAN, இன்டர்நெட் உள்ளே வரும்) துளைக்கு ஒரு கேபிள். கேபிள் இழுக்க முடியாவிட்டால் 'விஸ்ப்' (WISP) என்ற முறையில் அவருடைய வைஃபையையே பிடித்துக்கொள்ளும். இரண்டு அலைவரிசை உள்ளதாகப் பாருங்கள்: 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4-இல் கொடுக்கலாம். ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுத்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். உங்கள் வைஃபைக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட். உங்கள் கருவிகள் எல்லாம் அதன் பின்னால் போய்விடும். வெளியே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கருவிதான் தெரியும். விபிஎன்னையும் அதிலேயே போட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வேலை.

இங்கே அடிக்கடி சறுக்குவது எண்ணில். அவருடையதும் 192.168.1.1, உங்களுடையதும் 192.168.1.1 என்றால் இணைப்பே வராது. உங்களுடையதை 192.168.50.1 என்று மாற்றுங்கள். கூடத்து டிவிக்குக் காஸ்ட் செய்வது இதற்குப் பின் நடக்காது. உங்கள் பாதுகாப்புக்கு அது நல்லதுதான்.

வீட்டுக்காரர் நல்லவர், 'நீயே ரவுட்டரைப் பார்த்துச் சரிசெய்' என்கிறாரா? அடியில் ஒட்டியிருக்கும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். அது வைஃபை பாஸ்வேர்டோடு ஒன்றாக இருக்கக் கூடாது. டபிள்யூபிஎஸ்ஸை (WPS, வைஃபை பாஸ்வேர்ட் அடிக்காமலே பொத்தானாலோ எண்ணாலோ இணைக்கும் வசதி) அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே வெளிவந்துவிட்டது. பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2, 3 கலப்பு முறை. விருந்தினருக்கு 'கெஸ்ட்' நெட்வொர்க்கைத் திறந்து, கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி 'ஐசொலேஷன்' போடுங்கள். ஒருவர் வீட்டை விட்டுப் போனால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இணைந்திருக்கும் பெரும்பாலான போன்களிலிருந்து கியூஆர் காட்டி அதை யாருக்கும் கொடுக்கலாம் என்பதால், அது எத்தனை பேரிடம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு இணைப்பு உங்கள் பெயருக்கு மாறினால் இதை இன்னும் கறாராகச் செய்யுங்கள்; யாரோ திருட்டுப் படம் இறக்கினாலும் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

நீங்கள் அந்த அறையைக் காலி செய்யும் நாளில்: டிவியில் எல்லாக் கணக்குகளையும் வெளியேற்றுங்கள், உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று அழுத்துங்கள், பிரிண்டரில் ஸ்கேன் அனுப்ப உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்திருந்தால் அதையும் நீக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.