ஞானஸ்நான வகுப்பில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

புதிதாக விசுவாசத்துக்குள் வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்து 17 வருடம் ஆகிறது. நான் போதகர் இல்லை, இறையியல் பட்டமும் கிடையாது. 31 வயதில், வீட்டில் வேறு யாரும் வராத நேரத்தில் தனியாக வந்தவள். நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். பதில் சொல்ல முடிந்தவை இவை.

அக்கா, மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் பாவமன்னிப்பு ஜெபம் சொன்னேன். அழுகை அடங்கவே இல்லை, மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இப்போது ஒன்றுமே தோன்றவில்லை. அன்றைக்கு நடந்தது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அந்த அழுகையை வைத்து அளந்தால் தினமும் ஏமாற்றம்தான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குருப்பட்டம் பெற்று ஏறக்குறைய பத்து வருடம் ஆன பிறகு, 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது உள்ளம் அனல்கொண்டது என்று எழுதினார். அந்த நாளை எல்லோரும் சொல்வார்கள். எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரியில், நான் கிறிஸ்தவனே அல்ல என்று அதே மனிதர் நாட்குறிப்பில் எழுதியதை யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு 50 வருடத்துக்கு மேல் பிரசங்கித்தார்.

மறுபடியும் பிறப்பதைப் பற்றி இயேசு பேசியது, இரவில் தம்மைத் தேடி வந்த நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம். யோவான் 3-ஆம் அதிகாரத்தை இன்றிரவு மறுபடி வாசியுங்கள். அந்த மனிதர் அங்கே 'சரி, விசுவாசிக்கிறேன்' என்று சொல்லவே இல்லை. 'இவைகள் எப்படி ஆகும்' என்று கேட்டதோடு அவர் பேச்சு நின்றுவிடுகிறது. 7-ஆம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தாரிடம், விசாரிக்காமல் ஒருவனைக் குற்றவாளி என்று தீர்க்கலாமா என்று அரைகுறையாக ஒரு வார்த்தை பேசுகிறார். 19-இல், சீஷர்கள் பலர் ஓடி ஒளிந்த பிறகு, இயேசுவின் அடக்கத்துக்கு நறுமணப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நூறு இராத்தல், அதாவது 30 கிலோவுக்கு மேல். இந்த மூன்று இடங்களில் எது அவர் பிறந்த நேரம்? எனக்குச் சொல்லத் தெரியாது, யோவானும் சொல்லவில்லை. இன்னொன்று, 'மறுபடியும்' என்று நாம் வாசிக்கிற கிரேக்கச் சொல்லுக்கு 'மேலிருந்து' என்றும் பொருள் உண்டு. மேலிருந்து வருவதற்கு நாள், நேரம் குறித்து வைத்தே ஆகவேண்டும் என்றில்லை.

வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து தொடங்கினேன். லேவியராகமத்தில் மாட்டிக்கொண்டேன். தாண்டிப் போனால் தப்பா?

தப்பே இல்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்துக்குப் போங்கள். நான்கிலும் சின்னது அதுதான், 16 அதிகாரம். ஒரே உட்காருகையில் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் லூக்கா, அதைத் தொடர்ந்து அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டும் ஒருவரே தெயோப்பிலுவுக்கு எழுதிய இரண்டு பாகங்கள், சேர்த்து வாசித்தால் கதை ஓடும். நடுவே தினம் ஒரு சங்கீதம். எபிரெயருக்கு எழுதின நிருபத்தை எட்டும்போது, பலி, ஆசாரியன், பரிசுத்த ஸ்தலம் என்று வரும். அப்போது லேவியராகமத்துக்கு நீங்களே திரும்பி ஓடுவீர்கள்.

பேரை மாற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள். சவுல் பவுலாக மாறவில்லையா என்று கேட்கிறார்கள்.

மாறவில்லை. தமஸ்கு ஊருக்குப் போகிற வழியில் இயேசுவின் குரலைக் கேட்டு விழுந்த பிறகும் அவர் பல அதிகாரங்களுக்குச் சவுல்தான். நடபடிகள் 13-இல் 'பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்' என்று வருகிறது. ஒரே ஆளுக்கு யூதப் பெயர் ஒன்று, ரோமப் பெயர் ஒன்று, அவ்வளவுதான். இன்னும் பாருங்கள்: அப்பொல்லோவின் பெயர் அப்பல்லோ என்ற கிரேக்கத் தெய்வத்திலிருந்து வந்தது. ரோமர் 16-இல் பவுல் வாழ்த்துச் சொல்கிற எர்மே, ஹெர்மிஸ் தெய்வத்தின் பெயரையே வைத்திருந்தவர். யாரும் அவர்களைப் பேர் மாற்றச் சொன்னதாக இல்லை. உங்களுக்கே ஆசையிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். 'ஆகவேண்டும்' என்பதற்கு ஆதாரம் இல்லை.

குடியை விட்டுவிடுகிறேன் என்று ஜெபித்தேன். 11 நாள் இருந்தேன், மறுபடி விழுந்துவிட்டேன். புது சிருஷ்டி என்றால் இதெல்லாம் ஒழிந்துபோயிருக்க வேண்டாமா ஐயா? (ஐயா என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, நான் அக்காதான்.)

பவுலே கலாத்தியருக்கு எழுதும்போது ஆவியின் 'கனி' என்கிறார். கனி என்றால் பூக்க வேண்டும், காய்க்க வேண்டும், பழுக்க வேண்டும். நமக்குப் பாவமில்லை என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றுகிறோம் என்று யோவான் எழுதியதும், வெளியே இருந்தவர்களுக்கு அல்ல, விசுவாசிகளுக்குத்தான். விழுந்ததை மறைக்காமல் எழுதினீர்களே, அது 12-ஆம் நாளின் வேலை.

ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது வேறு. எத்தனை வருடக் குடி என்று எழுதவில்லை. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிற முறையில் நிறுத்துங்கள். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதேதான். ஜெபித்தேன் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு ரொம்பக் கஷ்டப்பட்ட ஒருவரை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். இனி விழுந்தால் அன்றைக்கே போன் பண்ணிச் சொல்ல ஓர் ஆளை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வேண்டாம், ஒரே ஓர் ஆள் போதும்.

பழைய வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது. தேவன் மன்னித்துவிட்டார் என்றால் அது முடிந்த கதைதானே?

மன்னிப்பு முடிந்த கதை. பணம் முடியவில்லை. வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவின் கதையில் (லூக்கா 19) இயேசு 'திருப்பிக் கொடு' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார், அவ்வளவுதான். ஏழைகளுக்குப் பாதி, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்று அந்த மனிதர்தான் சொன்னார். நியாயப்பிரமாணத்தில், தானாக வந்து குற்றத்தை ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும், எண்ணாகமம் 5-இல் இருக்கிறது. நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் விதித்தது. சகேயு லேசான சட்டத்தை விட்டுவிட்டுத் தனக்குத்தானே கடுமையானதை எடுத்துக்கொண்டார்.

என் கதையும் சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்த இடத்தில் போகாத பயணத்துக்குப் பயணப்படி எழுதி வாங்கியிருந்தேன், இரண்டு வருடத்துக்கு. நினைவிலிருந்து கூட்டிப் பார்த்து, கொஞ்சம் அதிகமாகவே ஓர் உறையில் போட்டு, கணக்கரிடம் போனேன். வாயே வரவில்லை. உறையை மேசையில் வைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் பேரேட்டைத் திறந்து, 'இதை எந்தத் தலைப்பில் வரவு வைக்கிறது?' என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் 'இதர வரவு' என்று எழுதினார். வேலை போகவில்லை, ஆனால் பணம் சம்பந்தப்பட்ட எதையும் ஒரு வருடம் என்னிடம் கொடுக்கவில்லை. அது நியாயம்தான்.

உங்களுக்கு வேலை போகலாம், வழக்கும் வரலாம். அதனால் நாளைக்கே ஓடாதீர்கள். தொகையைக் கணக்கிடுங்கள், ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள், அதன் பிறகு போங்கள். ஆனால் போங்கள்.

என் கணவர் இதில் வரவில்லை. அவரோடு இனி எப்படி வாழ்வது? சபையில் ஒருவர், அவிசுவாசியோடு பிணைக்கப்படாதே என்று வசனம் காட்டுகிறார்.

அந்த வசனத்தைக் காட்டியவரிடம் 1 கொரிந்தியர் 7-ஐக் காட்டுங்கள். விசுவாசியாத கணவன் சேர்ந்து வாழச் சம்மதித்தால் மனைவி அவனைத் தள்ளிவிடக் கூடாது என்று பவுல் நேராகவே எழுதுகிறார். அவர் உங்களை அடிப்பவராகவோ மிரட்டுபவராகவோ இருந்தால் அது வேறு விஷயம், உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள். இல்லையென்றால் அவர் உங்கள் கணவர். முன்பு இருந்ததைவிட நல்ல மனைவியாக இருங்கள், பிரசங்கம் வேண்டாம். போதனையில்லாமல் நடக்கையினாலே ஆதாயப்படுத்தலாம் என்று பேதுரு எழுதியது இதே நிலைமைக்குத்தான்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் வீணானது. சாப்பிட உட்கார்ந்தால் அம்மாவுக்குப் பிரசங்கம், தூங்கப் போனால் பிரசங்கம். அம்மா பதிலே பேச மாட்டார். கடைசியில் தொண்டை கட்டி ஒரு வாரம் பேச்சே வரவில்லை. அந்த வாரம் வேறு வழியில்லாமல் பாத்திரம் தேய்த்தேன், அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்தேன். ஏழாம் நாள் அம்மா, 'உங்க சாமி இப்பத்தான் நல்லா பேசுறார்' என்றார். அம்மா கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் நான் ஜெபிக்கிற நேரம் வந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்.

விசுவாசத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பெரிய கூட்டத்தில் மேடையேறி சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். போகட்டுமா?

நான் என்றால் வேண்டாம் என்பேன். பவுல் உடனே பிரசங்கித்தாரே என்பீர்கள், உண்மைதான். ஆனால் அவர் வேதத்தைச் சிறுவயதிலிருந்தே கரைத்துக் குடித்தவர். அவரே அரபி தேசத்துக்குப் போய்விட்டு, மூன்று வருடம் கழித்துத்தான் எருசலேமுக்குப் பேதுருவைப் பார்க்கப் போனதாகக் கலாத்தியருக்கு எழுதுகிறார். மாற்கு 5-இல் லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பிடித்திருந்தவன் குணமானதும் கூடவே வருகிறேன் என்று கெஞ்சினான். இயேசு அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, உன் வீட்டாரிடம் போய்ச் சொல் என்றார். மேடையில் என்ன ஆகும் தெரியுமா? மூன்றாவது தடவை சொல்லும்போது பழைய பாவம் கொஞ்சம் கறுப்பாகும், நான்காவது தடவை அற்புதம் கொஞ்சம் பெரிதாகும். கைதட்டலுக்குத் தகுந்தபடி கதை வளரும். வீட்டாரிடம் சொன்னால் வளராது, அவர்களுக்கு உங்களைத் தெரியும்.

எந்தச் சபைக்குப் போவது என்று எப்படித் தீர்மானிப்பது?

மூன்று மாதம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். காணிக்கைக் கணக்கை உறுப்பினர்கள் கேட்டால் காட்டுகிறார்களா? போதகரைக் கேள்வி கேட்டவர் அடுத்த வாரமும் வருகிறாரா? தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் வரும் என்று பயமுறுத்தினால், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று பவுல் எழுதியதை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். குடும்பத்தோடு பேசாதே என்று ஒரு சபை சொன்னால், அங்கே ஒரு நாளும் உட்கார வேண்டாம். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள்.

குழந்தையிலேயே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இப்போது போகிற சபையில் அது செல்லாது, மறுபடி எடு என்கிறார்கள்.

இதில் சபைகளுக்குள் ஒத்த கருத்து கிடையாது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கின்றன. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசித்த பிறகு எடுப்பதைத்தான் ஞானஸ்நானம் என்கின்றன. இரண்டு பக்கமும் வேதத்தைத் திறந்துதான் பேசுகிறார்கள். நான் இரண்டாவது பக்கத்தில் இருப்பவள். இருந்தாலும் உங்கள் பாட்டி உங்களைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதை 'செல்லாது' என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு வாய் வராது. இரு தரப்பாரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. பிலிப்பி சிறைக்காவலன் அதே இரவில் எடுத்தான் என்பது சரி. ஆதிச் சபையில் சில இடங்களில் மூன்று வருடம் வரை போதித்த பிறகு கொடுத்ததும் உண்டு.

அடுத்த ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம். சிரிக்காதீர்கள், தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். சின்ன வயதில் கிணற்றில் விழுந்திருக்கிறேன்.

சிரிக்க மாட்டேன். இதைப் போதகரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். சனிக்கிழமை ஒரு தடவை தொட்டியில் சும்மா இறங்கி நின்று பார்க்கக் கேளுங்கள், இடுப்பளவுதான் இருக்கும். மூழ்குகிற நேரம் இரண்டு வினாடி. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், முதுகை அவர் தாங்குவார். அதுவும் முடியாவிட்டால், திதாக்கே என்கிற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல் ஒன்று இருக்கிறது. ஓடும் தண்ணீரில் கொடு, இல்லாவிட்டால் வேறு தண்ணீரில், குளிர்ந்தது ஆகாவிட்டால் வெந்நீரில், எதுவும் போதுமான அளவு இல்லாவிட்டால் தலையில் மூன்று தடவை ஊற்று என்கிறது. முழுக்குத்தான் வேண்டும் என்கிற என் சபையிலேயே, இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவருக்கு நாற்காலியில் உட்காரவைத்துக் குடத்தால் ஊற்றியிருக்கிறார்கள்.

கனமான துணி உடுத்துங்கள், நனைந்தால் ஒட்டாது. கண்ணாடி போடுபவர் என்றால் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். துண்டையும் கரையில் நிற்கிற ஒருவர் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்குங்கள். நான் என்னுடையதை உடை மாற்றுகிற அறையிலேயே விட்டுவிட்டு, பாட்டு முடிகிற வரைக்கும் பல் கிட்டிக்கொண்டு நின்றேன்.