மீட்டரைப் பார்த்து மிதியுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்.

கே: அண்ணே, என் மைவி காரின் மீட்டர் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்கிறது. எண்ணெய் போடும்போது பார்த்தால் கணக்கு உதைக்கிறது. எதை நம்புவது?

உங்கள் கணக்கைத்தான். மீட்டர் காட்டுவது கணினி போடும் மதிப்பீடு. பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். டாங்கி நிறைய அடியுங்கள். குழாய் தானாக நின்றதும் போதும், மேலே திணிக்க வேண்டாம். ஓடிய தூரம் காட்டும் டிரிப் மீட்டரைச் சுழியமாக்கிவிட்டு, அடுத்த முறையும் அதே பம்பில் அப்படியே நிரப்புங்கள். ஓடியது 420 கிலோமீட்டர், போட்டது 30 லிட்டர் என்றால் லிட்டருக்கு 14. மூன்று நான்கு டாங்கிக்குச் சராசரி எடுத்தால்தான் நம்பலாம். இருபது இருபது வெள்ளியாகப் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு என்றைக்கும் சரிவராது.

அப்படியானால் மீட்டர் எதற்கு? காலைப் பழக்க. கிளம்பும்போது அந்தந்த நொடிக்கு அது காட்டும் எண் சரிவது இயற்கை. அதற்குப் பயந்து ஊர்ந்து போகாதீர்கள். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தும் மிதித்துக்கொண்டே போய்க் கடைசியில் பிரேக் அடிக்கிறோமே, காசு கரைவது அங்கேதான்.

கே: தைப்பிங்கிலிருந்து ஈப்போ வரும்போது, மெனோரா சுரங்கம் தாண்டிய இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்கிறார் மச்சான்.

இல்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் சக்கரமே இஞ்சினைச் சுழற்றும். கணினி எண்ணெயை அடைத்துவிடும். மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்து மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், உச்சத்துக்கு ஏறும். நியூட்ரலிலோ, இஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் போய்க்கொண்டேயிருக்கும். அதைவிட மோசம், பாரம் முழுக்க பிரேக் மேல் விழுவது. பிரேக் சூடேறினால் பிடிக்காது. கார்புரேட்டர் வைத்த பழைய கஞ்சில் காரில் அந்த எண்ணெய் அடைப்பு கிடையாது, ஆனாலும் கியரிலேயே இறக்குங்கள்.

கே: தோட்டத்திலிருந்து பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது மட்டும்தான். அதற்கே இவ்வளவு எண்ணெயா?

இஞ்சின் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடுகிறது, அம்மா. குளிர்ந்த இஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். லய வாசலில் நிறுத்தி உறுமவிட்டுப் பயனில்லை. கிளப்பி அரை நிமிடத்தில் மெல்ல நகருங்கள். இஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு வெகுநேரம் அணையாவிட்டால், இஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று போர்மனிடம் கேளுங்கள். பழைய வண்டி சூடேறுகிறது என்றால் அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. எனக்கு அறவே பிடிக்காத வேலை அது. டயர் காற்றையும் பாருங்கள்: டயர் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி.

கே: ஏர்கோனை அடைத்து, ரோன் 97 ரக எண்ணெய் போட்டால் மிச்சமாகுமா?

ரோன் 95 போதும் என்று தயாரிப்பாளரே சொல்லும் வண்டிக்கு 97 வீண் செலவு. ஏர்கோன் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் 110-லிருந்து 90-க்கு இறங்குங்கள். காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு குறையும்.

கே: என் பழைய சாகா காரில் வேக்குவம் கேஜ் (இஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையைக் காட்டும் மீட்டர்) மாட்டலாமா?

தாராளமாக. வண்டி நின்று இஞ்சின் மட்டும் சும்மா ஓடும்போது ஊசி 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை நிற்க வேண்டும். அழுத்தி மிதித்தால் சுழியத்தை நோக்கி விழும். ஓட்டும்போது விழவிடாமல் பாருங்கள். சும்மா நிற்கையிலேயே ஊசி துடித்தால் வால்வைச் சோதிக்க வேண்டும், ஓட்டுமுறையை மாற்றி அது தீராது.