ஆரியங்காவில் கிடைத்த டவர்

அன்புள்ள அண்ணாச்சி,

தென்காசியில் வீட்டிலிருந்தபடியே திருவனந்தபுரம் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். இணையம் இல்லையென்றால் எனக்கு இந்த வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் நான் எப்போது மவுசை அசைத்தேன் என்பதுவரை அவர்களுக்குத் தெரிகிறது. வீட்டிலோ, வாட்ஸப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு இருந்தேன் என்று பார்த்து அண்ணன் விசாரணை நடத்துகிறான். நாமெல்லாம் அடிமைகள் ஆகிவிட்டோமா? எல்லாக் கணக்குகளையும் அழித்துவிடட்டுமா?

முத்துச்செல்வி

அன்புள்ள முத்துச்செல்வி,

அழிப்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம். அண்ணன் கண்ணில் படாமல் அந்த நேரத்தை மறைக்க செட்டிங்கிலேயே வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் பிழைப்பவருக்கு இதை நானா சொல்லித்தர வேண்டும்? ஆனால் அடிமை என்று பெருமூச்சு விடுகிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக எனக்கும் மண்டைக்குள் இதே குடைச்சல்.

2018 மே மாதம், தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் அரசு இணையத்தை நிறுத்தியது. எங்கள் செங்கோட்டை அப்போது திருநெல்வேலி மாவட்டம். தெருப் பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு புளியரை தாண்டி மலையேறினார்கள். ஒரு கட்டுரை அனுப்ப வேண்டியிருந்ததால் நானும் ஒருவன் பின்னால் தொற்றிக்கொண்டேன். ஆரியங்காவு பக்கம் கேரளா டவர் கிடைத்ததும் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தின. ‘எந்தா, அவிடே நெட் இல்லே?’ என்று சிரித்தார் டீக்கடைச் சேட்டன்.

மாவட்டம் பார்த்து எப்படி அணைக்க முடிந்தது? நண்பர்களிடம் இதை ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். நீங்களாவது கேளுங்கள். இணையத்தின் முன்னோடியான அமெரிக்க வலையமைப்பு அர்பாநெட், 1983 ஜனவரி 1 அன்று டிசிபி/ஐபி என்ற தரவுப் பரிமாற்ற விதிகளுக்கு மாறியது; இன்றைய இணையத்துக்கும் அவைதான் அடிப்படை. அந்த விதிப்படி யாரும் யாருக்கும் தரவு அனுப்பலாம், நடுவில் ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் தரவைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் அனுப்புகிறவர் முகவரி, பெறுகிறவர் முகவரி இரண்டும் இருந்தாக வேண்டும். முகவரி இல்லாவிட்டால் பதில் திரும்பி வராது. பதில் வரும் அதே வழியில்தான் உங்களைத் தேடுகிறவனும் வருவான். செல்போனும் அப்படித்தான். நீங்கள் எந்தப் பகுதி டவர்களின் கீழ் நிற்கிறீர்கள் என்று செல்போன் கம்பெனிக்குத் தெரிந்தால்தான் அழைப்பு வரும். தெரிந்திருப்பதால்தான் அணைக்கவும் முடிகிறது. பேச்சு எனக்கு, பதிவேடு வேண்டாம் என்று பிரித்து வாங்கவே முடியாது. அந்தப் பதிவேடு யாரிடம் இருக்கிறது, எவ்வளவு காலம், யார் கேட்டால் தருவார்கள் என்றல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. புலம்பல்தான் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். ஒரு மாணவி முடியாது என்றாள். வெளியேற்றினார்கள். அவள் கோர்ட்டுக்குப் போனாள். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவளை மறுபடி விடுதியில் சேர்க்கச் சொன்னது. உங்கள் வயதுதான் இருக்கும் அவளுக்கு.

கேரளத்தைத் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, அதே சாயலில் இருந்த கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் கூடவே போனது. அப்படியும் 2020 நவம்பரில் 118ஏ என்று அவசரச் சட்டம் போட்டார்கள். அவதூறுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஊரே கூச்சல் போட்டதால் சில நாட்களில் வாபஸ் வாங்கினார்கள்.

தாயி, கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து என்னென்ன எடுக்கிறார்கள், எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பலாகத்தான் பதில் வரும், அதையும் எனக்கு அனுப்பி வையுங்கள். அண்ணனிடம், அவன் போனை அண்ணாச்சி ஒருநாள் பார்க்க வேண்டுமாம் என்று சொல்லிவிடுங்கள்.